பெஸ்ட் ஆஃப் தி பீஸ்ட்: இரண்டாவது சிடியில் கடைசி இரண்டு பாட்டும் ஓடவில்லை, உதவுங்கள்

இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் இசைக்குழு அயர்ன் மெய்டனின் 'பெஸ்ட் ஆஃப் தி பீஸ்ட்', 1996-இல் வந்த இரட்டை சிடி. 2007-இல் பெங்களூரு பேலஸ் மைதானத்தில் அவர்கள் வாசித்ததைக் கேட்கப் போனபோது வாங்கியது, அன்றிலிருந்து சென்னையில் என் அலமாரியில்தான் இருக்கிறது.

இந்தத் தொகுப்பு புதுப் பாட்டில் தொடங்கிப் பின்னோக்கிப் போகும். அதனால் குழுவின் பழைய பாடகர் பால் டியானோ பாடி 1978 டிசம்பரில் பதிவான 'ஸ்ட்ரேஞ்ச் வேர்ல்ட்', 'அயர்ன் மெய்டன்' இரண்டும் கடைசியில், சிடியின் விளிம்போரம் வருகின்றன. எனக்கு உயிரே அந்த இரண்டும்தான். மூன்று வாரமாக அங்கே வந்ததும் டிக் டிக்கென்று திக்கி, அப்புறம் அப்படியே நின்றுவிடுகிறது. அடிப்பக்கம் கீறல் இல்லை, ஆனால் ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் விளிம்பில் ஊசி குத்தியது போல நாலைந்து ஓட்டை தெரிகிறது.

மென்துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தேன், இரண்டு டிரைவ் மாற்றினேன், சிடியிலிருந்து பாட்டைக் கணினிக்கு எடுக்கும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளில், பிழை வந்தால் திரும்பத் திரும்பப் படிக்கும் செக்யூர் மோடில் வேகத்தைக் குறைத்து ராத்திரி முழுக்க ஓடவிட்டும் அதே இடத்தில் பிழை. பாலிஷ் போடச் சொன்னார்கள், போடவில்லை. ஓட்டை லேபிள் பக்கம், ஒளியைத் திருப்பும் பூச்சில் இருக்கும்போது அடியைத் தேய்த்து என்ன ஆகப்போகிறது?

இப்படிப் பூச்சு போன சிடியிலிருந்து பாட்டை முழுசாக மீட்டவர்கள், எந்த டிரைவை எந்த செட்டிங்கில் வைத்து எடுத்தீர்கள்?