இனிஷியலோடு விமானம் ஏறியவர்கள்

களியக்காவிளைப் பக்கம், இப்போது ஜெர்மனி:

எல்லையோரத்துக்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, தாளுக்குத் தாள் பெயர் மாறும். எனக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

நான் பிறந்தது பாறசாலையில், அம்மையின் வீட்டில். படித்தது எல்லாம் இந்தப் பக்கம், மார்த்தாண்டத்தில். 1956-ல் மாநிலத்துக்குக் கோடு போட்டார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவளுக்கு அந்தக் கோடெல்லாம் கணக்கில்லை. அதனால் என் பிறப்புச் சான்றிதழ் கேரளத்தில், மற்ற தாள்கள் எல்லாம் தமிழ்நாட்டில். என் பெயரில் ஒரு 'ழ' இருக்கிறது. கேரளத்தில் ழகரம் என்றால் இசட் எச்தான், ஆலப்புழைக்கும் அதே, எனக்கும் அதே. பள்ளிக்கூடத்தில் சேர்த்த சார் எல் போட்டுவிட்டார். இருபத்தைந்து வருடம் ஒருத்தரும் கேட்கவில்லை. நர்சிங் முடித்து, திருவனந்தபுரத்தில் ஜெர்மன் மொழி பி2 நிலை வரை படித்து, விசாவுக்குத் தாள்களை அடுக்கியபோதுதான் என் பெயரில் இரண்டு பேர் இருப்பது தெரிந்தது.

பஞ்சாயத்து ஆபீசுக்கு மூன்று நடை. நல்ல மனுஷன் அந்த கிளார்க். பள்ளிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "மோளே, ஸ்கூல்காரனுக்கு ழ வராதா?" என்று சிரித்தார். திருத்திக் கொடுத்தார். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, அப்பா பெயரை சர்நேமாகப் போட்டேன். அப்போது அது ஒரு கட்டத்தை நிரப்புகிற காரியம், அவ்வளவுதான்.

ஜெர்மனியில் முதல் ஆறு மாதம் ஆஸ்பத்திரி விடுதி. அப்புறம் வீடு பார்த்துக்கொள் என்றார்கள். ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் மாடிப்படியில் முப்பது பேர் வரிசை, ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு ஃபோல்டர். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கடன் பாக்கி இல்லை என்று காட்டும் ஷூஃபா தாள், நம்மைப் பற்றி நாமே எழுதிய படிவம். நான் ஏழாவது வீட்டில்தான் கிடைத்தேன், வீடு எனக்குக் கிடைத்தது என்று சொல்ல மனசு வரவில்லை.

சாவி வாங்கி உள்ளே போனால் சமையலறையே இல்லை. அறை இருக்கிறது. சுவரில் இரண்டு தண்ணீர்க் குழாய் முனை, அடுப்புக்கு ஒரு மின்சார இணைப்பு. தொட்டி, அடுப்பு, அலமாரி ஒன்றும் கிடையாது. கூரையிலிருந்து விளக்குக்குப் பதில் மூன்று வயர் தொங்குகிறது. முந்தைய குடித்தனக்காரர் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார், அங்கே அதுதான் வழக்கமாம். இதற்கு முன்பணம் மூன்று மாத வாடகை, உடனே மொத்தமாக வேண்டும் என்றார் வீட்டுக்காரர். கூட வேலை பார்க்கிற கோட்டயத்துச் சேச்சிதான், "மூன்று தவணையில் கொடுக்க சட்டத்திலேயே இடம் இருக்கு, பயப்படாதே" என்று சொன்னார். அந்த மூன்று மாதக் கணக்கும் ஹீட்டர், தண்ணீர்ச் செலவு சேராத 'குளிர் வாடகை'க்குத்தான். ஜெர்மன் வகுப்பில் இதைச் சொல்லித்தரவில்லை, இலக்கணத்துக்கே நேரம் சரியாகிவிட்டது.

குடிவந்த இரண்டு வாரத்துக்குள் ஊராட்சியில் பதிய வேண்டும், அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு 'இவர் இங்கே குடிவந்துவிட்டார்' என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் தேவை. பதிந்தேன். வரி எண் தபாலில் வரும் என்றார்கள். வரவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் வரியைக் கூடுதலாகப் பிடித்துவிட்டார்கள். விசாவும் முடியப்போகிறது, குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தாயிற்று, அதற்கான கடிதமும் காணோம். விசா முடிவதற்கு முன்பே விண்ணப்பித்திருந்ததால் தப்பித்தேன். ஒரு நாள் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

காரணம் என்ன தெரியுமா? லெட்டர் பாக்ஸ். அங்கே ஃபிளாட்டுக்கு நம்பர் கிடையாது. கீழே பெட்டி வரிசை இருக்கும், அதில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் போடுவார். என் பெட்டியில் பழைய ஆளின் பெயர். நானோ நம்ம ஊர்ப் பழக்கத்தில் 'இரண்டாம் மாடி, இடது பக்கம்' என்று எல்லா இடத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வந்த கடிதம் எல்லாம் திரும்பிப் போயிருக்கிறது.

யாராவது இப்படி மாட்டியிருக்கிறீர்களா?

கொழிஞ்சாம்பாறை, துபாயில் 11 வருடம்:

அக்கா, உங்களுக்கு ழ, எனக்கு இனிஷியல். கேரளத்துத் தாள்களில் என் இனிஷியல் பெயருக்குப் பின்னால். கல்யாணம் நடந்தது பொள்ளாச்சியில், அந்தச் சான்றிதழில் இனிஷியல் முன்னால். பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியது. மூன்றும் ஒரே ஆள் என்று வில்லேஜ் ஆபீசில் 'ஒன் அண்ட் சேம்' சான்றிதழ் வாங்கினேன். நம்ம பக்கம் அதற்கு வேறு பெயரே கிடையாது, பாட்டிகூட 'ஒன்னண்சேம்' என்பாள்.

சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு போகக் கல்யாணச் சான்றிதழில் முத்திரை வாங்க வேண்டும். நான் கேரளத்துக்காரன்தானே என்று திருவனந்தபுரம் போனேன், ஒரு நாள் வீண். தமிழ்நாடு கொடுத்த தாளுக்குத் தமிழ்நாடுதான் முத்திரை வைக்கணும். அப்புறம் நம்ம வெளியுறவு அமைச்சகம், அப்புறம் எமிரேட்ஸ் தூதரகம், துபாயில் இறங்கினால் அங்கத்து வெளியுறவு அமைச்சகம். கடைசியில் தாளின் பின்பக்கம் ஸ்டிக்கர் ஒட்ட இடம் இல்லை.

அதுவரை நான் இருந்தது பெட் ஸ்பேஸில், ஒரு கட்டிலும் அதன் அடியில் ஒரு பெட்டியும். குடும்ப விசாவுக்கு என் பேரில் வீடு வேண்டும், வாடகை ஒப்பந்தம் எஜாரி என்கிற அரசுப் பதிவில் ஏற வேண்டும். வருட வாடகைக்கு நாலு செக், பின்தேதி போட்டு முதல் நாளே கொடுத்துவிட வேண்டும். பொள்ளாச்சிச் சந்தையில் மாடு விற்கிறவன் செக்கைக் கையால் தொடமாட்டான், அந்த ஊர்க்காரன் மாப்பிள்ளை நான், கை நடுங்கிக்கொண்டு நாலு கையெழுத்துப் போட்டேன். வருட வாடகையில் ஏஜென்ட்டுக்கு 5 சதவீதம், வீட்டுக்காரருக்கு முன்பணம் 5 சதவீதம், கரண்ட்டுக்கும் தண்ணிக்கும் டெபாசிட் 2,000 திர்ஹாம். முதல் கரண்ட் பில்லைப் பார்த்துத் திடுக்கிட்டேன். வருட வாடகையில் 5 சதவீதத்தை மாதாமாதம் பிரித்து அதிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அது வீட்டு வரி மாதிரி ஒன்று, ஏசி ஓட்டினதற்கு அல்ல. சம்சாரத்தைச் சும்மா திட்டிவிட்டேன்.

நகரி, இப்போது டெக்சாஸ்:

எங்கள் ஊர் ஆந்திர எல்லைக்குள். அங்கே தெலுங்குக்காரர்களுக்கு இன்டிப்பேர், அதாவது குடும்பப் பெயர் உண்டு, பெயருக்கு முன்னால் நிற்கும். எங்கள் வீட்டில் தமிழ், இன்டிப்பேர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டேன். அமெரிக்க விசாவில் என் முழுப் பெயரும் சர்நேமுக்குப் போய்விட்டது, பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எஃப்என்யூ. முதற்பெயர் தெரியாது என்று அர்த்தம்.

ஊருக்குப் புதுசு, கிரெடிட் ஹிஸ்டரி இல்லை, ஆஃபர் லெட்டரைக் காட்டி டெபாசிட் கூடக் கட்டித்தான் அபார்ட்மென்ட் கிடைத்தது. அதுகூடப் பரவாயில்லை. உள்ளே போனால் சமையல் மேடைமேல் ஒரு வரவேற்பு அட்டை, இரண்டு சாக்லேட்: 'டியர் எஃப்என்யூ'. கூட இருந்த ஆந்திரா பையன் இன்றைக்கும் என்னை ஃபனூ காரு என்றுதான் கூப்பிடுகிறான். டிரைவிங் லைசென்ஸிலும் அதே பெயர். ஊருக்கு வந்தபோது அப்பாவைத்தான் திட்டினேன், பாவம், அவர் என்ன செய்வார். பாஸ்போர்ட்டைப் பெயர் பிரித்துப் புதுசாக வாங்கினேன், பழைய லைசென்ஸ் இன்னும் பர்சில் இருக்கிறது.

அக்கா, உங்கள் லெட்டர் பாக்ஸ் கதை என்ன ஆயிற்று?

களியக்காவிளைப் பக்கம்:

ஃபனூ காரு, சிரித்து முடியவில்லை.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஆளிடம் சொன்னேன். பெயர்ப்பட்டை அவர்தான் அச்சடித்து மாட்டுவார், நாம் ஒட்டினால் கிழித்துவிடுவாராம். ஒரு வாரம் கழித்து மாட்டினார். அடுத்த நாளே முதல் கடிதம் வந்தது, ஓடிப்போய் பிரித்தேன். ரேடியோ, டிவிக் கட்டணம், மாதம் 18.36 யூரோ. வீட்டில் டிவி இல்லை, அதனால் என்ன, வீடு இருக்கிறதே என்பது அவர்கள் நியாயம். வரி எண் அதற்கப்புறம் பத்து நாள் கழித்து வந்தது. கூடுதலாகப் பிடித்த பணமும் திரும்பியது.

பட்டையில் சர்நேம் மட்டும்தான் போடுவார்கள். ஆக, பெட்டியில் இருப்பது அப்பா பெயர், என் பெயர் அல்ல. வாசல் மணியிலும் அதுதான். அப்பா நாகர்கோவிலுக்கு அப்பால் போனது திருச்செந்தூருக்குத்தான், அதுவும் வேன் பிடித்து. படம் எடுத்து அனுப்பினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நாலைந்து தடவை பெரிதாக்கிப் பார்த்தாராம். அம்மைதான் போனை வாங்கி, "அப்போ அங்கயும் கரண்ட் பில்லு இவரு பேருலதான் வருமா?" என்று கேட்டாள்.