குளிர் அறை இல்லாத கடையில் தக்காளியை ஒரு கிழமை வைத்திருக்க வழி உண்டா?

வெள்ளவத்தையில் சின்ன மரக்கறிக் கடை வைத்திருக்கிறேன். தம்புள்ளையில் இருந்து லொறியில் வரும் தக்காளி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்குவதில்லை. காம்பு இருந்த இடத்தில் முதலில் நீர் கோத்தது போல ஒரு வட்டம், மறுநாள் வெள்ளைப் பூஞ்சணம், அப்புறம் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து போகும். மழைக்குப் பிறகு பறித்த சரக்கு இன்னும் மோசம்.

கடைக்குள் வெப்பம் 30 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும், கடல் பக்கம் என்பதால் ஈரமும் அதிகம். மரப்பெட்டியை விட்டுப் பிளாஸ்டிக் கூடைக்கு மாறினேன். நசுங்கல் குறைந்தது, அழுகல் குறையவில்லை. வாழைப்பழம் விடும் எதிலீன் வாயு தக்காளியைச் சீக்கிரம் பழுக்க வைக்கும் என்று வாழைக்குலையையும் தூரக் கட்டினேன். கழுவுவதே இல்லை. காம்புப் பக்கம் கீழே இருக்க ஒரே அடுக்காக வைத்தால் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் இடம் காணாது. 4 பாகையில் ஃபிரிட்ஜில் வைத்த செங்காய் (முழுதாகப் பழுக்காத தக்காளி) வெளியே எடுத்த பிறகும் சரியாகச் சிவக்கவில்லை, தோலில் குழி விழுந்தது, ருசியும் இல்லை. அதற்கு 13 பாகை அளவு குளிர் போதும். என் ஃபிரிட்ஜை அந்த அளவில் நிறுத்த முடியாது.

கொழும்பின் இந்த ஈரக் காற்றில், குளிர் அறை போடாமல் செங்காயை ஒரு கிழமை அழுகாமல் வைத்திருக்க நீங்கள் செய்து பலன் கண்ட முறை எது?