உதவி: ஸ்பானிஷ்ல எல் போட்டாலும் தப்பு, லா போட்டாலும் தப்பு

தேன்சிட்டு: அவசரம். நாளைக்கு டெஸ்ட். பெயர்ச்சொல் ஓ-வில் முடிந்தால் ஆண்பால், முன்னாடி எல் போடணும்; ஆ-வில் முடிந்தால் பெண்பால், லா போடணும்னு சொன்னாங்க. போட்டேன், தப்புன்னு அடிச்சிட்டாங்க. மாத்திப் போட்டேன், அதையும் அடிச்சிட்டாங்க. சரியான விதி என்ன?

கடலோரக் காற்று: எந்த வார்த்தை? எழுதின வாக்கியத்தை அப்படியே போடுங்க.

பனைமரம்: எந்த லெவல்? ஏ1-ஆ (ஆரம்ப நிலை), பி1-ஆ (நடு நிலை)? காலேஜ் டெஸ்டா, தெலே (ஸ்பானிஷ் மொழிச் சான்றிதழ்) தேர்வா?

ஏட்டுச்சுவடி: கிரேக்கத்தைப் பிடிங்க, பாதி தீர்ந்துடும். ப்ரோப்ளேமா, சிஸ்தேமா, தேமா, இதியோமா, க்ளீமா எல்லாம் கிரேக்க வழி வந்தவை. ஆ-வில் முடிந்தாலும் ஆண்பால்தான்.

முரசு: நாளைக்கு டெஸ்ட் வெச்சிருக்கவருக்குக் கிரேக்கம் எதுக்கு? ‘மேசா’னு படிக்காதீங்க, ‘லா மேசா’னு சேர்த்தே படிங்க. லா மானோ, எல் தியா, லா ரேடியோ எல்லாம் அப்படித்தான் மனசுல நிக்கும். சியோன், தாத்-ல முடிஞ்சா கண்ணை மூடிட்டு லா போடலாம்.

புலவர்72: இதெல்லாம் முதல் மாதத்திலேயே நடத்தும் பாடம். புத்தகத்தைப் பிரித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. தமிழில் பொருளைப் பார்த்துப் பால் சொல்கிறோம். மேசைக்கு ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஸ்பானிஷில் பால் சொல்லோடு ஒட்டியது. நிற்பவர் ஆணாகவே இருந்தாலும் ‘பெர்சோனா’ (ஆள்) பெண்பால்தான். இந்த அடிப்படை புரியாமல் விதி கேட்டுப் பயனில்லை.

பனைமரம்: சார், நல்ல விஷயம் சொல்றீங்க. பதற்றத்துல இருக்கவங்க கிட்ட கொஞ்சம் பதமா சொல்லலாமே.

சோளக்கதிர்: முரசு, மெக்சிகோவில் எல் ரேடியோ. இங்கே வேலை பார்க்கிறேன், தினமும் காதில் விழுவது அதுதான்.

முரசு: பாடத்துல ஸ்பெயின் வழக்குதானே இருக்கும். லா ரேடியோ.

சோளக்கதிர்: வாணலியையும் ஸ்பெயினில் லா சார்த்தேன் என்பார்கள், இங்கே பலரும் எல் சார்த்தேன் என்பார்கள். ஸ்பானிஷ் பேசுபவர்களில் பெரும்பாலோர் ஸ்பெயினுக்கு வெளியேதான் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது தப்பா?

புலவர்72: ரேடியோவுக்கு இரண்டு பாலையும் ஸ்பானிஷ் மொழிக்கு விதி வகுக்கும் ராயல் அகாடமியே ஏற்கிறது. சண்டை வேண்டாம்.

தேன்சிட்டு: காலேஜ்தான், ஏ1. ‘தண்ணி குளிர்ந்திருக்கு’ன்னு எழுதணும். முதல்ல ‘எல் ஆகுவா எஸ்தா ஃப்ரீயோ’னு எழுதினேன், ஃப்ரீயோவை அடிச்சாங்க. அடுத்து ‘லா ஆகுவா எஸ்தா ஃப்ரீயா’னு எழுதினேன், லா-வை அடிச்சாங்க.

கடலோரக் காற்று: இதை முதல்லயே போட்டிருக்கலாம்! ஆகுவா பெண்பால்தான். ஆனா அழுத்தம் முதல் ‘ஆ’வுல விழுது. லா-வும் ஆ-வும் முட்டக்கூடாதுன்னு ஒருமையில எல் வரும். பால் மாறலை, அதனால ‘எல் ஆகுவா எஸ்தா ஃப்ரீயா’. பன்மையில லாஸ் ஆகுவாஸ். ‘நிறைய தண்ணி’ன்னா முச்சா ஆகுவா. நடுவுல வேற சொல் வந்தாலும் லா திரும்பிடும்: லா மிஸ்மா ஆகுவா (அதே தண்ணி). பசிக்கும் (ஆம்ப்ரே), கழுகுக்கும் (ஆகிலா), கோடரிக்கும் (ஆச்சா) இதே கதை. அமீகாவுல (தோழி) அழுத்தம் ‘மீ’ல இருக்கு, அதனால லா அமீகாதான்.

ஏட்டுச்சுவடி: அழுத்தத்தைச் சொன்னது சரி. ஆனாலும் மா-வில் முடிவதைப் படிச்சிட்டுப் போங்க, ப்ரோப்ளேமா கேட்காத டெஸ்டே இல்லை.

கடலோரக் காற்று: காமாவும் (கட்டில்) ப்ளூமாவும் (இறகு) கூட மா-வுலதான் முடியுது, ரெண்டும் பெண்பால். அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

தேன்சிட்டு: டெஸ்ட் முடிஞ்சுது. கழுகு வந்தது, ‘எல் ஆகிலா ப்ளாங்கா’ (வெள்ளைக் கழுகு) போட்டேன், சரி. ரொம்ப நன்றி அண்ணா.

கடலோரக் காற்று: சந்தோஷம். அடுத்து ஆர்தே (கலை) வரும். ஒருமையில பெரும்பாலும் முழுக்க ஆண்பால், எல் ஆர்தே மோதெர்னோ. பன்மையில பெண்பால், லாஸ் பேயாஸ் ஆர்தேஸ். ஆகுவா விதியை அதுக்குப் போட்டுடாதீங்க.