மறு: வைட்டல் சைன்ஸ் – ‘உயிரளவுகள்’ சரியாக வருமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

உடல் வெப்பம், நாடித்துடிப்பு போன்ற அடிப்படை அளவுகளை ஆங்கிலத்தில் ‘வைட்டல் சைன்ஸ்’ (vital signs) என்கிறார்கள். அதற்கு அகராதியில் போடத் தமிழ்ச் சொல் தேடும் இந்த மின்னஞ்சல் இழையை இன்றுதான் முதலிலிருந்து படித்து முடித்தேன். ‘முக்கிய அறிகுறிகள்’, ‘உயிர் அறிகுறிகள்’, ‘உயிர்க்குறிகள்’ என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான் நீலகிரி மலையில், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே செவிலியாக வேலை பார்க்கிறேன். ‘அறிகுறி’ மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு லயன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) எட்டு மாதக் குழந்தைக்குச் சளி. மூச்சை எண்ணலாம் என்று போயிருந்தேன். கையில் இருந்த அட்டையின் தலைப்பு ‘உயிர் அறிகுறிகள்’. எழுத்துக் கூட்டிப் படித்த அந்தப் பெண், பிள்ளையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். “உயிருக்கு ஏதாச்சும் ஆயிருமாக்கா?” என்றாள். குழந்தை பயந்து அழ ஆரம்பித்துவிட்டது. அழுகிற குழந்தையின் மூச்சை எண்ணிப் பயனில்லை. பால் கொடுத்து, அது மடியில் அயரும்வரை உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரத்தோடு ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன். 44. அந்த வயதுக்கு அது சரியான அளவுதான்.

அவள் பயந்ததில் தப்பில்லை. தமிழில் அறிகுறி என்றாலே நோயின் அறிகுறிதான் முதலில் நினைவுக்கு வரும். வரப்போகிற ஒன்றுக்கு முன்னே தெரிவது. ஆனால் நாம் பெயர் தேடும் நான்கும், அதாவது உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம், நன்றாக இருப்பவருக்கும் எப்போதும் இருப்பவை. நோய் வந்தால் கூடவும் செய்யும், குறையவும் செய்யும். அவற்றை எண்ணுகிறோம், அளக்கிறோம். ‘குறி’ என்ற சொல்லுக்கும் வேறு வேலைகள் இருக்கின்றன. வார்டில் ஆண் பெண் எல்லார் முன்னும் சத்தமாகச் சொல்ல அது தோதுப்படாது.

அதனால் என் பரிந்துரை: உயிரளவு, பன்மையில் உயிரளவுகள்.

‘அளவு’ ஏற்கெனவே மக்கள் வாயில் இருக்கிறது. “பிபி அளவு என்ன?”, “சுகர் அளவு கூடிப்போச்சு” என்று இங்கே எல்லாருமே சொல்கிறார்கள். “வைட்டல்ஸ் பார்த்தாச்சா?” என்று கேட்கும் இடத்தில் “உயிரளவு பார்த்தாச்சா?” என்பது அப்படியே உட்காருகிறது. நான் சொல்லிப் பார்த்தேன், நாக்கு தடுக்கவில்லை.

உயிரை அளக்க முடியுமா என்று ஒருவர் கேட்கக்கூடும். உயிர்நாடி என்கிறோமே, அங்கே ‘உயிர்’ என்பது இன்றியமையாதது என்ற பொருளைத்தானே தருகிறது? இங்கேயும் அதே பொருள்தான். ‘உயிர்ப்பளவு’ என்று நீட்டவும் வேண்டாம். பழந்தமிழில் உயிர்ப்பு என்றால் மூச்சு. நான்கில் ஒன்றின் பெயரை நான்குக்கும் வைத்ததாகிவிடும். குருதியா இரத்தமா என்ற விவாதத்தில் நான் ‘இரத்த அழுத்தம்’ பக்கம். ஊரறிந்த சொல் அது.

‘நார்மல்’ என்பதற்குத்தான் இன்னும் யோசிக்க வேண்டும். ‘இயல்பளவு’ என்று ஒருமையில் சொன்னால், எல்லாருக்கும் ஒரே எண் என்று நினைத்துவிடுவார்கள். பிறந்த குழந்தையின் நாடி நிமிடத்துக்கு 100 முதல் 160 வரை துடிக்கும். பெரியவருக்கு ஓய்வில் 60 முதல் 100. பச்சைக்குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 60 தடவை மூச்சு விடும். நமக்கு 12 முதல் 20. இரத்த அழுத்தம் எதிர்ப்பக்கம் போகிறது: பெரியவருக்கு 120/80-க்குள் இருந்தால் நல்லது, பிறந்த குழந்தைக்கு மேல் அளவே 60 முதல் 90 வரைதான். வயதோடு அதிகம் மாறாதது வெப்பம் ஒன்றுதான், 98.6 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி நிற்கும். ஆகவே ‘வயதுக்குரிய வரம்பு’ என்று வயதையும் சொல்லிலேயே சேர்த்துவிடுவோம். உலகச் சுகாதார நிறுவனம் வேக மூச்சுக்குச் சொல்லும் எல்லையும் வயதைப் பார்த்துத்தான் மாறுகிறது: 2 மாதத்துக்குள் 60, 2 முதல் 11 மாதம் வரை 50, 1 வயது முதல் 5 வயது வரை 40. எண்ணிக்கை அதைத் தொட்டாலே பார்க்க வேண்டும். பச்சைக்குழந்தை விட்டுவிட்டு மூச்சு விடும். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது தப்பாகப் போகும்.

மலையில் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். விரலில் கருவி மாட்டிப் பார்க்கும் இரத்த ஆக்சிஜன் அளவை இப்போது ஐந்தாவதாகச் சேர்க்கிறார்கள். இதே நீலகிரியில் ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். கீழே 98 சதவீதம் காட்டும் ஆளுக்கு அந்த உயரத்தில் இரண்டு மூன்று புள்ளி குறைந்து காட்டலாம், அவர் நலமாகத்தான் இருப்பார். 90-க்குக் கீழே போனால் மலை மேல் பழி போடக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆனால் முதலில் விரலைத் தொட்டுப் பாருங்கள். பனிக்காலக் காலையில் கொழுந்து பறித்துவிட்டு வருகிற கை ஐஸாக இருக்கும். கருவி குறைத்துக் காட்டும், இல்லை எண்ணே வராது. நான் இரண்டு உள்ளங்கைக்குள் அந்த விரலை வைத்துத் தேய்த்துச் சூடாக்கிய பிறகுதான் மாட்டுகிறேன். கூடையோடு மேடேறி வந்தவருக்கு நாடி 110 இருக்கும். ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பார்த்தால் 80-க்கு இறங்கிவிடும். இதனால்தான் உயரம், குளிர், ஓய்வு மூன்றையும் வரையறைக்குள் கொண்டுவாருங்கள் என்கிறேன். அகராதியில் சொல்லுக்கு நேரே வெறும் எண்ணை மட்டும் போட்டால் எங்களுக்குப் பயன்படாது.

நாங்கள் குழந்தைகளை எடைபோடும் அறையில் ஒரு சுவர் காலியாக இருக்கிறது. வயதுவாரியாக இந்த எண்களை எழுதிவைக்கப் பெயிண்டருக்கு வருகிற வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கிறேன். தலைப்பில் ‘உயிரளவுகள்’ என்று போடலாமா? மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதிவிடுங்கள்.