பைரோகிளாஸ்டிக் ஃப்ளோ: தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

ஊத்தங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கான சுவர்ப்படம் வெள்ளிக்கிழமை கிருஷ்ணகிரி அச்சகத்துக்குப் போகிறது. பொருள், 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. வெடிப்புத் தூண், சாம்பல் பொழிவு, பெருவாய் (உச்சி சரிந்து உண்டாகும் பெரும்பள்ளம்) எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தாயிற்று. இடறுவது பைரோகிளாஸ்டிக் ஃப்ளோ ஒன்றுதான். கைவசம் உள்ள கையேட்டில் 'தீக்குழம்பு ஓட்டம்' என்று போட்டிருக்கிறார்கள். அது ஆபத்தான தவறு. குழம்பு வந்தால் பெரும்பாலும் நடந்தே விலகிவிடலாம். இதுவோ 200 முதல் 700 பாகை செல்சியஸ் சூட்டில், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் சரிவில் இறங்கும் வளி, தூள், கல் கலவை. 1902இல் மார்த்தினிக் தீவின் சான் பியர் நகரில் ஏறத்தாழ 28,000 பேர் மாண்டது இதனால். அந்த நகருக்குக் குழம்பு வந்து சேரவே இல்லை. இரண்டு சொல்லுக்கு மேல் படத்தில் இடமில்லை.

பென்னாகரம் எழுதியது:

கிரேக்கத்தில் முன்பாதி நெருப்பு, பின்பாதி உடைந்தது. நமக்கு அழல் இருக்கிறது, சிதர் இருக்கிறது. அழற்சிதர்ப் பாய்வு. சங்கத் தமிழில் புழங்கிய சொற்கள். கடன் வாங்க வேண்டியதில்லை.

அரூர் எழுதியது:

ஐயா, சொல் அழகு. ஆனால் வரி மடங்கும் இடத்தில் 'அழற்சி' ஒரு வரியிலும் 'தர்ப் பாய்வு' மறு வரியிலும் விழும். தொண்டை அழற்சி, குடல் அழற்சி என்றே படித்துப் பழகிய பிள்ளை, மலைக்கும் மாத்திரை கேட்கும்.

ஓசூர் எழுதியது:

எங்கள் பக்கம் பாதி வகுப்பு தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள். கன்னடத்தில் பூதி, தெலுங்கில் பூடித, இரண்டும் சாம்பல்தான். தமிழ் அகராதியிலும் பூதி உண்டு. 'அனற்பூதி' என்றால் மூன்று வீட்டுக்கும் புரியும்.

பென்னாகரம் எழுதியது:

பூதி வடசொல். விபூதியில் உள்ளதும் அதுவே. வேண்டுமானால் பூழி என்க. பூழி, புழுதி இரண்டும் ஒரே வேர். பன்னிரு கொடுந்தமிழ் நாடுகளுள் ஒன்று பூழி. சேரனுக்குப் பூழியன் என்று பெயர். புழுதி மிகுந்த நாடு என்பதால் வந்ததா, வேறா என்பது தனி ஆய்வு. நீறு என்பதையும் மறக்கக் கூடாது. சுண்ணாம்பு நீற்றுதல் இன்றும் வழக்கு. கல் நெருப்பில் வெந்து, நீர் பட்டுப் பொடியாவது நீறு. எரிமலைக்கு இதைவிடப் பொருத்தம் ஏது?

பர்கூர் எழுதியது:

பொருத்தமே இல்லை என்பதுதான் சிக்கல், ஐயா. நீறு, பூதி, சாம்பல் மூன்றுமே வெந்து மிஞ்சிய பொருள். எரிமலைத் தூள் எதுவும் எரிந்து வந்ததல்ல. சிலிக்கா மிகுந்த பாறைக்குழம்பு கெட்டியானது. அதில் கரைந்த நீர் நிறையில் 4, 5 விழுக்காடு வரை இருக்கும். மேலேறும்போது அழுத்தம் குறைந்து நீர் ஆவிக்குமிழாகப் பிரிகிறது. இளகிய குழம்பென்றால் குமிழ் தப்பிவிடும். கெட்டிக் குழம்பில் சிக்கி ஊதும். கன அளவில் ஏறத்தாழ முக்கால் பங்கு குமிழ் ஆனதும் குழம்பே சில்லுச் சில்லாக நொறுங்குகிறது. 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த சில்லைத்தான் சாம்பல் என்கிறோம். விரலில் தேய்த்தால் நம்மூர் கிரானைட் அறுக்கும் பட்டறைத் தூளைப் போல நறநறக்கும்.

அடுப்புச் சாம்பல் என்று பிள்ளை நினைத்துக்கொண்டால் பின்விளைவு எதுவும் புரியாது. 1991 ஜூன் 15இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்த அன்றே புயல்மழையும் வந்தது. நனைந்த தூள் 10 சென்டிமீட்டர் படிந்தாலே சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டும். கூரை சரிந்து செத்தவர்களே அன்று அதிகம். 1982இல் ஜாவாவுக்கு அருகே ஒரு ஜம்போ விமானத்தின் நான்கு இன்ஜினும் நின்றதற்கும் இந்தக் கண்ணாடித் தூள் உள்ளே போய் உருகி ஒட்டியதுதான் காரணம்.

ஆகவே 'துகள்' போதும். வெடிப்புத் தூண் போதிய காற்றை உறிஞ்சிச் சூடாக்கி இலேசாகாவிட்டால், தன் எடையிலேயே சரிந்து பள்ளத்தாக்கு வழியே பெருகும். ஒகேனக்கல்லில் பெருக்கு என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். கனல்துகள் பெருக்கு.

ஓசூர் எழுதியது:

பைரோகிளாஸ்டிக் என்றே எழுதினால் என்ன? 2004க்குப் பிறகு ஆழிப்பேரலை என்று எவ்வளவோ எழுதினோம். தெருவில் நிற்பது சுனாமிதான். அடுத்த கட்டத்தில் உள்ள லஹாரையும் ஜாவாக்காரர் சொல்லாகவே விட்டுவிடலாம்.

அரூர் எழுதியது:

சுனாமி மூன்றெழுத்து, வாயில் நின்றது. இது நிற்காது. லஹார் இருக்கட்டும், அடியில் 'எரிமலைச் சேற்று வெள்ளம்' என்று ஒரு வரி போடுங்கள். எனக்குக் கனல்துகள் சம்மதம்.

பென்னாகரம் எழுதியது:

கனல் + துகள் புணர்ந்தால் கனற்றுகள். கல் + தூண் கற்றூண் ஆகவில்லையா? புணர்ச்சியையே விட்டுவிட்டு எழுதுவதற்குப் பெயர் கலைச்சொல் அல்ல.

பாலக்கோடு எழுதியது:

'கற்றுகள், கனற்றுகள்' என்று பிள்ளைகள் பாட்டுக் கட்டுவார்கள் ஐயா. கைதூக்கியவர் கணக்கில் கனல்துகள் பெருக்கு நான்கு, அழற்சிதர் ஒன்று, பூதி தரப்பு பதில் இல்லை. புதன் இரவாகிவிட்டது.

ஊத்தங்கரை எழுதியது:

நன்றி. கனல்துகள் பெருக்கு என்றே போகிறது, புணர்க்காமலே எழுதுகிறேன். அடியில் சின்ன எழுத்தில் பைரோகிளாஸ்டிக் ஃப்ளோ.

பர்கூர் எழுதியது:

படத்தின் மாதிரியைப் பார்த்தேன். 'கனல்' என்ற சொல்லைக் கேட்டு ஓவியர் பெருக்கு முழுவதையும் ஆரஞ்சில் தீட்டிவிட்டார். பகலில் அது சாம்பல் நிறத்தில் உருண்டு வரும் புகைமண்டலமாகத்தான் தெரியும். சூடு கண்ணுக்குப் படாது, அதனால்தான் வேடிக்கை பார்க்க நின்றவர்கள் மாட்டிக்கொண்டார்கள். நிறத்தை மாற்றச் சொல்லுங்கள். அடியில் கனத்த கற்கள், மேலே இலேசான தூள் மேகம், இரண்டு அடுக்காகக் காட்ட வேண்டும். மேல் அடுக்கு மேட்டையும் தாண்டிப் போகும்.

பென்னாகரம் எழுதியது:

கனல் என்று வைத்தால் ஆரஞ்சுதான் வரும். அழற்சிதர் என்றிருந்தால் ஓவியர் முதலில் பொருள் கேட்டிருப்பார். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும்.