ராகுல் செரியன்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

புதூர்க்காரன்:
பிப்ரவரி வந்தால் எனக்கு ராகுல் செரியன் நினைப்பு வந்துவிடும். 2013 பிப்ரவரியில்தான் போனார், போகிற வயசே இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக நின்ற சென்னை வழக்கறிஞர். நான் நேரில் பார்த்துப் பேசியதில்லை, அவர் செய்த வேலையைத்தான் சந்தித்தேன், அதுவும் மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில்.

நான் கல்லூரியில் படித்தபோது பார்வையில்லாத எங்களுக்குப் பாடப்புத்தகம் என்றால் யாராவது வாசித்துப் பதிந்து தரும் கேசட்தான்; வாசிக்க வரும் பிள்ளைகளுக்கே பரீட்சை வந்துவிட்டால் நம் பாடம் பாதியில் நிற்கும். அப்புறம் திரையில் உள்ள எழுத்தை வாய்விட்டு வாசிக்கும் திரைவாசிப்பான் கணினியில் வந்தது, அதில் என்விடிஏ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைத்தது, ஆனால் அதற்கு வாசிக்கக் கொடுக்கப் புத்தகம் வேண்டுமே? முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் போடச் சொன்னால் கடைக்காரர் "கேஸாயிரும் தம்பி" என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் இருந்தது.

2010இல் வந்த திருத்த மசோதாவிலும் பிரெயில் மாதிரி தனி வடிவங்களுக்குத்தான் விலக்கு. சாதாரணக் கணினிக் கோப்பாக மாற்ற உரிமம் வாங்க வேண்டும். நடுவயதில் பார்வை போய் பிரெயில் கற்காதவர்கள், புத்தகத்தைக் கையில் பிடிக்க முடியாதவர்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் எல்லாம் எங்கே போவார்கள் என்று செரியனும் அவரோடு நின்றவர்களும் விடாமல் கேட்டார்கள். 2012இல் நிறைவேறிய சட்டத்தில், படிக்க வசதியான எந்த வடிவத்துக்கும் மாற்றலாம் என்று ஆகிவிட்டது. இதையே உலக அளவில் கொண்டுவர ஜெனீவா வரை போய் மல்லுக்கட்டினார். அதற்கான மாரகேஷ் ஒப்பந்தம் நிறைவேறியது 2013 ஜூனில், அவர் போய் நாலு மாதம் கழித்து. 2014இல் அதை முதலில் உறுதி செய்த நாடு இந்தியா. நம்மில் பலரும் மென்பொருளுக்குத்தான் நன்றி சொல்கிறோம், இந்த மனுஷனை யாரும் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம்.

பதிப்புரிமைச் சட்டத்தில் வந்த அந்தப் பிரிவை, 52(1)(இசட்பி), அச்செடுத்து அதே கடைக்காரரிடம் நீட்டினேன். வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் படித்தார். "முதுகைப் பிரிச்சிரவா? அப்பத்தான் பக்கம் நேரா விழும்" என்றார். அவ்வளவுதான், வேறு பேச்சே இல்லை.

உசிலம்பட்டிப் பொண்ணு:
அண்ணே, ஸ்கேன் போட உரிமை வந்தது சரி, ஆங்கில எழுத்துக்கே தமிழ் உருவம் போட்டுக் காட்டும் பாமினி எழுத்துருவை என்ன செய்வது? டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்க ஒரு பயிற்சி மையத்தில் காசு கொடுத்துக் குறிப்புகள் வாங்கினேன். பார்க்க அழகான தமிழாம். என்விடிஏவில் போட்டால் ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்கிறது. அது 'தமிழ்' என்கிற சொல்! பிறகு தங்கச்சி உட்கார்ந்து எல்லாவற்றையும், கணினி தமிழாகவே புரிந்துகொள்ளும் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தாள். அரசாங்கம் 2010லேயே யூனிகோடு என்று ஆணை போட்டாகிவிட்டது, நம் டிடிபி கடைகளுக்கு இன்னும் சேதி போகவில்லை போல.

திருமங்கலத்தான்:
எங்கள் அத்தைக்கு இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. போன மாதம் வங்கிச் செயலி கேஒய்சி, அதாவது ஆள் இன்னார்தான் என்று உறுதி செய்யும் சரிபார்ப்பு, கேட்டது. முகத்தை வட்டத்துக்குள் வைத்துக் கண்ணைச் சிமிட்ட வேண்டுமாம். அத்தையும் சிமிட்டினார், சிமிட்டினார், வட்டம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே. கடைசியில் போனை என் மடியில் போட்டுவிட்டு, "ஆட்டோவைக் கூப்பிடுடா, நேர்லயே போயி நிப்போம், அப்பவாவது சிமிட்டச் சொல்றாய்ங்களான்னு பார்ப்போம்" என்றார்.

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கும் சேர்த்துத்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது: இணையச் சேவைகளை அணுகுவதும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேர்த்தி, கேஒய்சி முறைகளை மாற்றுங்கள் என்று. புதூர் அண்ணன் ஜெராக்ஸ் கடையில் செய்ததைப் போல அதை அச்செடுத்துக்கொண்டு கிளைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன் அத்தை ஒரு தடவை முழுசாகக் கேட்க வேண்டுமாம். எனக்கு வாட்ஸப்பில் வந்தது வெறும் போட்டோ, அத்தை போன் வாயே திறக்கவில்லை. எழுத்தாக உள்ள பிரதி யாரிடமாவது இருந்தால் போடுங்கள்.