சீன மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் ஆங்கில இலக்கணத்தையும் சொல்வளத்தையும் எப்படிச் சோதிப்பது?

கேள்வி: குவாங்சோ ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். சீனாவின் குவாங்சோ நகரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். செப்டம்பரில் முதலாண்டில் சேரவிருக்கும் மாணவர்களுக்கு ஆங்கில இலக்கணத்திலும் சொல்வளத்திலும் ஒரு சோதனை வைத்து, யாருக்கு எது தெரியவில்லை என்பதைக் கண்டறியும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. எல்லோரும் இடைநிலைப் படிப்பின் முடிவில் எழுதும் ஜோங்காவ் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றே இங்கு வருகிறார்கள். ஆகவே அந்த மதிப்பெண்ணைக் கொண்டு ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய முடிவதில்லை.

உடன் பணியாற்றும் ஆசிரியர்கள் நூறு பலவுள் தெரிவு வினாக்கள் போதும் என்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. சென்ற ஆண்டு அத்தகைய தாளில் மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கிய ஒரு மாணவி, ஒரு பக்கக் கதை எழுதச் சொன்னபோது, இறந்தகாலத்தில் தொடங்கி சில வரிகளிலேயே நிகழ்காலத்துக்குத் தாவினாள். ஒரே பெண்ணை ஓரிடத்தில் 'ஷீ' என்றும் அடுத்த இடத்தில் 'ஹீ' என்றும் எழுதினாள். சீன மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப வடிவம் மாறுவதில்லை என்பதும், பேச்சில் அவனுக்கும் அவளுக்கும் 'தா' என்ற ஒரே ஒலிதான் என்பதும் எனக்குத் தெரியும். இந்தப் பிழைகளை அந்தத் தாள் ஏன் வெளிக்காட்டவில்லை என்பதே என் கவலை. தொண்ணூறு நிமிடங்களில் நடத்தக்கூடிய, உண்மையைச் சொல்லக்கூடிய ஒரு தாளை எப்படி அமைக்கலாம்?

பதில் 1: தேர்வியல் மாணவன்

அம்மா, உங்கள் குவாங்டாங் மாகாணத்தில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்பது பொருத்தம்தான். பல்கலைக்கழக நுழைவுக்கான காவ்காவ் தேர்வு 1977-இல் மீண்டும் தொடங்கியபோது ஆங்கிலத்துக்குப் பெரிய இடம் இருக்கவில்லை. 1983-இல்தான் அதன் மதிப்பெண் முழுமையாகக் கூட்டுத்தொகையில் சேர்ந்தது. அதையடுத்து 1985-இல் குவாங்டாங் மாகாணத்தில் தரப்படுத்தப்பட்ட ஆங்கிலத் தேர்வு வெள்ளோட்டமாக நடந்தது. குவாங்சோவைச் சேர்ந்த மொழியியலறிஞர்களான குய் ஷிச்சுன், லி சியாவோஜு ஆகியோரின் பங்கு அதில் பெரிது. பாடநூலை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதிலிருந்து மாணவர்களை விடுவித்து, மொழியைப் பயன்படுத்தும் திறனை அளக்க வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். பலவுள் தெரிவு வினா அந்த நோக்கத்தோடுதான் உள்ளே வந்தது. காலப்போக்கில் அதுவே ஒரு மனப்பாடமாகிவிட்டது: ஒற்றை வாக்கியம், ஒரு கோடு, நான்கு விடைகள் என்று ஆயிரக்கணக்கில் பயிற்சி செய்த மாணவர், வாக்கியத்தைப் படிக்காமலே விடையின் வாடையைப் பிடித்துவிடுவார்.

இதை உணர்ந்தே குவாங்டாங் 2007-லும் தேசிய வினாத்தாள் 2014-லும் தனி வாக்கிய வினாக்களை நீக்கி, 'இலக்கண நிரப்பல்' என்ற பகுதியைக் கொண்டுவந்தன. இருநூறு சொற்களை ஒட்டிய ஒரு பத்தி, அதில் பத்து வெற்றிடங்கள், மொத்தம் 15 மதிப்பெண். பெரும்பாலான இடங்களில் மூலச்சொல் கொடுக்கப்பட்டிருக்கும். அதை உரிய வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மற்ற இடங்களில் எந்தக் குறிப்பும் இராது. ஆர்ட்டிகிளா ('எ', 'ஆன்', 'த'), பிரிபொசிஷனா ('இன்', 'ஆன்' போன்றவை), இணைப்புச் சொல்லா என்று மாணவரே முடிவு செய்ய வேண்டும். 2022-ஆம் ஆண்டின் புதிய தேசியத் தாள் ஒன்றில் பாண்டா தேசியப் பூங்காவைப் பற்றிய பத்தியும், 2023-இல் ஷாங்காயின் சியாவோலோங்பாவ் கொழுக்கட்டையைப் பற்றிய பத்தியும் இப்படி வந்தன. ஒரு வெற்றிடத்தை நிரப்ப முந்தைய வாக்கியத்தின் காலத்தையும் அடுத்த வாக்கியத்தின் எழுவாயையும் பார்க்க வேண்டியிருக்கும் என்பதுதான் இதன் பலம். உங்கள் தாளின் முதுகெலும்பாக இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதுவும் முழு உண்மையைச் சொல்லாது. ஜாக்குலின் ஷாக்டர் என்ற ஆய்வாளர் 1974-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். ஆங்கிலத்தின் பெயரெச்சத் தொடர்களை, அதாவது 'ஹூ', 'விச்' கொண்டு தொடுக்கும் தொடர்களை, எந்த மாணவர்கள் எவ்வளவு பிழையாக எழுதுகிறார்கள் என்று அவர் ஒப்பிட்டார். சீன, ஜப்பானிய மாணவர்களின் பிழைகள் பாரசீக, அரபு மாணவர்களின் பிழைகளைவிடக் குறைவாக இருந்தன. காரணம் தேர்ச்சி அன்று. அவர்கள் அத்தொடர்களை எழுதுவதையே தவிர்த்திருந்தார்கள். சீனத்தில் அடைதொடர் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும். 'நேற்று வந்த பையன்' என்று சொல்லும் நமக்கு அந்த அமைப்பு எவ்வளவு இயல்பானது, ஆங்கிலத்தின் பின்னொட்டிய அமைப்பு எவ்வளவு அயலானது என்பது புரியும். ஆகவே மாணவர் தாமாக எழுதிய கட்டுரையில் பிழை இல்லை என்பதை வைத்து அவருக்கு அந்த இலக்கணம் தெரியும் என்று முடிவுகட்டாதீர்கள். இரண்டு சிறு வாக்கியங்களைக் கொடுத்து, சொற்களைக் கூடியவரை மாற்றாமல் ஒரே வாக்கியமாக இணைக்கச் சொல்லுங்கள். தப்பித்துக்கொள்ள வழியில்லாத இடத்தில்தான் தவிர்ப்பு தெரியவரும்.

பதில் 2: ஹாங்சோவிலிருந்து

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். செஜியாங் மாகாணத்தில் கற்பித்த அனுபவத்தில் ஒன்றைச் சேர்க்கிறேன். இங்கு 2016 அக்டோபரில் 'படித்துத் தொடர்ந்து எழுதுதல்' என்ற வினா முதன்முறையாக வந்தது. பிறகு புதிய தேசியத் தாள்களும் அதை ஏற்று 25 மதிப்பெண் ஒதுக்கின. முடிவில்லாத ஒரு கதையைக் கொடுத்து, அடுத்த இரண்டு பத்திகளின் தொடக்க வாக்கியங்களையும் தந்து, ஏறக்குறைய 150 சொற்களில் தொடரச் சொல்வார்கள். குவாங்டாங் அயல்மொழி ஆய்வுகள் பல்கலைக்கழகத்தின் வாங் சுமிங் இந்த முறையின் பயனைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கொடுக்கப்பட்ட கதை இறந்தகாலத்தில் இருப்பதால், மாணவர் அதன் காலத்தையும் சொற்களையும் தாமும் தொடர்ந்தாக வேண்டும். உங்கள் மாணவியின் காலத் தடுமாற்றமும் 'ஹீ', 'ஷீ' குழப்பமும் இங்கே உடனே வெளிப்பட்டிருக்கும். சோதனைக்கு 150 சொற்கள் வேண்டாம். ஆறேழு வாக்கியங்கள் போதும்.

மதிப்பெண் பற்றியும் ஓர் எச்சரிக்கை. 2018 நவம்பரில் செஜியாங்கில் நடந்த ஆங்கிலத் தேர்வு எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது என்று கூறி, சில வினாக்களின் மதிப்பெண்களை எடையிட்டு மாற்றினார்கள். மாணவர்களும் பெற்றோரும் கொந்தளித்தனர். மாகாண அரசு விசாரித்து, டிசம்பரில் அந்த மாற்றத்தை ரத்து செய்து மூல மதிப்பெண்களையே மீட்டது. பொறுப்பானவர்கள்மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. உங்களுடையது சிறிய சோதனைதான் என்றாலும், எந்த வினாவுக்கு எவ்வளவு என்பதைத் தாளிலேயே அச்சிட்டுவிடுங்கள். விடைகளைப் பார்த்த பிறகு அளவுகோலை மாற்றக் கூடாது.

குவாங்சோ ஆசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. இணைத்து எழுதும் வினாவை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. சொல்வளத்தைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். மாணவர்கள் சொற்பட்டியல் புத்தகத்தை அகரவரிசையில் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். சீனப் பொருளைக் கேட்டால் நொடியில் சொல்கிறார்கள். வாக்கியத்தில் அமைக்கச் சொன்னால் திகைக்கிறார்கள்.

பதில் 3: சொல் தேடுபவர்

முதலில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். 2017-இல் வெளியிடப்பட்டு 2020-இல் திருத்தப்பட்ட மேல்நிலைப் பள்ளி ஆங்கிலப் பாடத்திட்டத்தின்படி, கட்டாயக் கல்வியை முடித்து வரும் மாணவருக்கு 1,500 முதல் 1,600 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். மேல்நிலையில் கட்டாயப் பாடங்களோடு 2,000-ஐத் தாண்டி, காவ்காவ் எழுதுவோர் படிக்கும் தெரிவுக் கட்டாயப் பாடங்களோடு 3,000-ஐத் தாண்ட வேண்டும். உங்கள் மாணவர்கள் முதலாண்டின் வாசலில் நிற்பவர்கள். அவர்களிடம் மூவாயிரம் சொற்களையும் கேட்பது நியாயமன்று.

அளவை அறிய, பால் நேஷன் உருவாக்கிப் பிறர் விரிவாக்கிய சொல்நிலைச் சோதனையின் முறையைப் பின்பற்றலாம். ஆறு சொற்களை ஒருபுறமும் மூன்று விளக்கங்களை மறுபுறமும் வைத்துப் பொருத்தச் சொல்லும் முறை அது. அடிக்கடி வரும் முதல் இரண்டாயிரம் சொற்களிலிருந்து ஒரு தொகுதி, அடுத்த ஆயிரத்திலிருந்து ஒரு தொகுதி என்று எடுத்தால் பதினைந்து நிமிடங்களில் முடிந்துவிடும். சொற்களை அகரவரிசையின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் எடுங்கள். பட்டியலை 'அபாண்டன்' என்ற சொல்லில் தொடங்கி, பாதி வழியில் நிறுத்தியவர்கள் ஏராளம் என்பது சீன மாணவர்களே ஒப்புக்கொள்ளும் செய்தி.

ஆனால் நீங்கள் சொன்ன திகைப்பை இந்தச் சோதனை காட்டாது. ஒரு சொல்லைக் கண்டால் அறிவது வேறு, வேண்டிய நேரத்தில் எடுத்துப் பயன்படுத்துவது வேறு. இரண்டாவதைச் சோதிக்க, வாக்கியத்தைக் கொடுத்துச் சொல்லின் முதல் இரண்டு மூன்று எழுத்துகளை மட்டும் தந்து மீதியை நிரப்பச் சொல்லலாம். ஒரே சொல்லை முதல் பகுதியில் பொருத்தவும் இரண்டாம் பகுதியில் நிரப்பவும் கேட்டீர்களானால், இரண்டு மதிப்பெண்களுக்கும் உள்ள இடைவெளியே உங்களுக்கு வேண்டிய செய்தி. இரண்டையும் கூட்டிவிடாதீர்கள், கூட்டினால் அந்தச் செய்தி அழிந்துவிடும். பொருத்தும் பகுதியின் தாளைத் திரும்பப் பெற்ற பிறகே நிரப்பும் பகுதியைக் கொடுக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

இன்னும் இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒன்று, தெரிந்த சொல்லின் தெரியாத பொருள். 'அட்ரஸ்' என்றால் முகவரி என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு சிக்கலைக் கையிலெடுத்துத் தீர்க்க முற்படுவதையும் அதே சொல் குறிக்கும் என்பது தெரியாது. காவ்காவ் வினாத்தாள் இத்தகைய சொற்களை விரும்பிக் கேட்கும். மற்றொன்று, எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பது. சீனத்தில் மருந்தை உண்பார்கள், விளக்கைத் திறப்பார்கள். எனவே மாணவர்கள் 'ஈட் மெடிசின்' என்றும் 'ஓப்பன் த லைட்' என்றும் எழுதுவார்கள். மருந்து சாப்பிடும் தமிழருக்கும் முதல் பிழை அயலானதன்று. இவற்றை இலக்கணப் பகுதியில் சேர்ப்பதா, சொல் பகுதியில் சேர்ப்பதா என்று குழம்ப வேண்டாம். தனியாக ஐந்து வினாக்கள் வையுங்கள்.

பதில் 4: பழைய வாத்தியார்

எல்லோரும் பலவுள் தெரிவு வினாவை ஒதுக்குகிறீர்கள். அதற்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2024-இல் காவ்காவுக்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். அத்தனை பேரையும் ஒரே அளவுகோலால் வரிசைப்படுத்த வேண்டிய நாட்டில், திருத்துபவரின் மனநிலைக்கு இடம் தராத வினா வகை தேவைப்படுகிறது. எழுத்து விடைகளை ஸ்கேன் செய்து, ஒரே விடையை இருவர் தனித்தனியே திருத்தி, வேறுபாடு மிகுந்தால் மூன்றாமவரிடம் அனுப்புகிறார்கள்; அப்படியும் கையெழுத்தின் அழகு மதிப்பெண்ணைத் தொடும் என்ற நம்பிக்கையில்தான் ஹெபெய் மாகாணத்தின் ஹெங்ஷுய் பள்ளி மாணவர்களின் உருண்டையான, அச்சிட்டாற்போன்ற ஆங்கில எழுத்து நாடெங்கும் பரவியது. ஏழை மாவட்டத்திலிருந்து வரும் பிள்ளைக்கு, யார் திருத்தினாலும் ஒரே மதிப்பெண் தரும் வினா ஒரு பாதுகாப்பு. தேசிய தாளில் வாசிப்புப் பகுதியும், கதையோட்டத்தோடு சொல் தெரிவு செய்யும் பதினைந்து வெற்றிடங்களும் இன்றும் தெரிவு வினாக்களாகவே இருப்பதற்குத் தக்க காரணம் உண்டு.

பதில் 5: தேர்வியல் மாணவன்

ஐயா சொல்வது முற்றிலும் சரி. வரிசைப்படுத்தும் தேர்வுக்கு அது பொருந்தும். ஆசிரியை யாரையும் வரிசைப்படுத்தப் போவதில்லை. யாருக்கு எதைக் கற்பிப்பது என்று அறியப் போகிறார். அந்த வேலைக்குக் கூட்டுத்தொகையே தேவையில்லை. அம்மா, நேரத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள்: சொற்பொருத்தத்துக்குப் பதினைந்து நிமிடம், எழுத்துக் குறிப்போடு சொல் நிரப்பலுக்கும் சொற்சேர்க்கைக்கும் இருபது, இலக்கண நிரப்பல் பத்திகள் இரண்டுக்கு இருபது, வாக்கிய இணைப்புக்குப் பத்து, கதைத் தொடர்ச்சிக்கு இருபத்தைந்து.

திருத்தும்போது ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வரி, ஒவ்வோர் இலக்கணக் கூறுக்கும் ஒரு கட்டம் என்று அட்டவணை போடுங்கள். இலக்கண நிரப்பலில் இறந்தகாலத்தைச் சரியாக எழுதி, கதைத் தொடர்ச்சியில் தவறவிட்டவருக்கு விதி தெரியும். அவருக்கு வேண்டியது மேலும் விதி அன்று, எழுதிப் பழகும் வாய்ப்பு. இரண்டிலும் தவறியவருக்கு அடிப்படையிலிருந்து கற்பிக்க வேண்டும். ஆர்ட்டிகிளை மட்டும் இந்தப் பிரிவில் சேர்க்காதீர்கள். சீனத்தில் அதற்கு நேரான சொல்லே இல்லாததால், மற்ற அனைத்தும் சரியாக எழுதும் மாணவரும் அதில் நெடுநாள் தடுமாறுவார். அதற்குத் தனிக் கட்டம் வைத்து, ஆண்டு முடிவில் மீண்டும் பாருங்கள்.